இறையாத கிணறும் எழுதாத பேனையும்



'இறைத்த கிணறு ஊறும். இறையாத கிணறு நாறும்' என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. எழுத வந்து இடையில் விட்டுவிட்ட ஒருவரைக் கண்டால் இதைச் சொல்லிக் காட்டுவதும் உண்டு. நீண்ட காலம் பேனையைத் தொடாதவர் இனி எழுதமாட்டார், எழுதினாலும் அது ஆறின பழங்கஞ்சியாகத்தான் இருக்கும் என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் சரியானதுதானா என்பதை எங்கள் ஈழத்து இலக்கிய வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்து இன்று ஆராயலாம்.

1964 ஆம் ஆண்டில் 'அக்கா' என்ற சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. எழுதியவர் அ. முத்துலிங்கம். 1937 இல் கொக்குவிலில் பிறந்து, கொக்குவில் இந்துக் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். தலைப்புக் கதையான 'அக்கா' தினகரன் சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்றது. தொகுதிக்கு முன்னுரை எழுதியவர் தினகரனின் ஆசிரியராக இருந்து பின்னர் பேராசிரியரான க. கைலாசபதி. இருபத்தேழு வயது இளைஞர் ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன வேண்டும்?

ஆனால் அடுத்த புத்தகம் வரவில்லை. அவர் பட்டயக் கணக்காளரானார். ஆபிரிக்காவுக்குச் சென்றார். சியரா லியோன், சூடான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சோமாலியா என்று வேலை அவரை நாடு நாடாகக் கொண்டு சென்றது. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் பணியும் அவற்றுள் அடங்கும். அந்த இடைவெளி ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ அல்ல. 'அக்கா'வுக்கு அடுத்த தொகுதியான 'திகடசக்கரம்' வெளிவந்தது 1995 இல். நடுவிலே கழிந்தவை முப்பத்தொரு ஆண்டுகள்!

அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் இங்கே என்னென்ன நடந்தன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1966 ஆகஸ்ட் மாதத்தில் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கினார். 1972 இல் கே. டானியலின் 'பஞ்சமர்' வந்தது. 1975 இல் 'அலை' தோன்றியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. 1982 டிசம்பரில் கைலாசபதி மறைந்தார். 1983 ஜூலை வந்தது. 1985 இல் 'மரணத்துள் வாழ்வோம்' என்று எங்கள் கவிஞர்கள் தங்கள் தொகுப்புக்குப் பெயரிட வேண்டியதாயிற்று. இலக்கியத்தின் பேசுபொருளே மாறிவிட்டது. மொழிநடை மாறிவிட்டது. வாசகரும் மாறிவிட்டார். முன்னுரை எழுதி வாழ்த்தியவரும் இல்லை. முப்பத்தொரு ஆண்டு கழித்துத் திரும்பியவர், விட்டுப்போன இடத்துக்குத் திரும்பவில்லை. அந்த இடம் இருக்கவும் இல்லை.

1995 என்ற ஆண்டைச் சொல்லும்போது எனக்கு வேறொரு நினைவும் வருகிறது. அந்த ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. கொக்குவிலில் ஆளில்லை. கொக்குவில்காரர் ஒருவர் மூன்று தசாப்தங்களுக்குப் பின் மீண்டும் எழுதிய கதைகள் தமிழ்நாட்டில் நூலான அதே ஆண்டில், அதைக் கையில் வாங்கிப் பார்க்க அந்த ஊரில் யாரும் இருக்கவில்லை. இலக்கிய வரலாற்று நூல்கள் இப்படிப்பட்ட செய்திகளைக் குறிப்பதில்லை. ஆனால் எங்கள் இலக்கியம் எந்த நிலைமையில் எழுதப்பட்டது, எந்த நிலைமையில் வாசிக்கப்பட்டது என்பதை அறிய இவையும் வேண்டும்.

'திகடசக்கரம்' என்ற தலைப்பையும் கவனிக்க வேண்டும். கோயிலில் புராணபடனம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் இது கந்தபுராணக் காப்பின் தொடக்கம் என்பது உடனே விளங்கும். கச்சியப்ப சிவாச்சாரியாருக்கு முருகப்பெருமானே எடுத்துக்கொடுத்த சொல் என்பது மரபு. காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றம் தொடங்கிய அன்றே, 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் சேர்ந்து 'திகடசம்' ஆவதற்கு இலக்கண விதி எங்கே என்று ஒரு புலவர் தடுத்தாராம். அரங்கேற்றம் ஓர் இரவு நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியத்தில் விதியைக் காட்ட, புராணம் அரங்கேறியது என்பார்கள். வகுப்பில் புணர்ச்சி விதி கற்பிக்கும்போது இக்கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். தடைபட்டு நின்று, பின் அரங்கேறிய சொல் அது. நீண்ட தடைக்குப் பின் வந்த தொகுதியின் முகப்பில் அச்சொல் இருப்பது பொருத்தம்தானே.

இனி முக்கியமான வினாவுக்கு வருவோம். நீண்ட இடைவெளிக்குப் பின் எழுதுபவர் பழையதைத் தொடர்கிறாரா, புதிதாகத் தொடங்குகிறாரா?

முத்துலிங்கத்தின் 'அக்கா' யாழ்ப்பாணத்துக் கிராமத்தை உள்ளேயிருந்து பார்த்தவரின் புத்தகம். 1995 க்குப் பின் வந்த 'வம்சவிருத்தி', 'வடக்கு வீதி', 'மகாராஜாவின் ரயில் வண்டி' ஆகியவற்றில் ஆபிரிக்காவும் வருகிறது, பாகிஸ்தானும் வருகிறது, கொக்குவிலும் வருகிறது. ஆனால் இந்தக் கொக்குவில் தூரத்தில் இருந்து, நகைச்சுவையோடும் ஏக்கத்தோடும் பார்க்கப்பட்ட கொக்குவில். எழுதாத முப்பத்தொரு ஆண்டுகளும் வீணாகவில்லை. அவையே பிற்காலக் கதைகளின் சரக்காயின. இளைஞராக இருந்தபோது எழுதியதைப் போலவே மீண்டும் எழுத முயன்றிருந்தால் அவர் பழங்கஞ்சியைத்தான் தந்திருப்பார்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான உதாரணம் உண்டு. சுந்தர ராமசாமி 1966 இல் 'ஒரு புளியமரத்தின் கதை'யை வெளியிட்டுப் பெயர் பெற்றபின், ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகள் எழுதாமல் இருந்தார். 1970களில் திரும்பி வந்தவர் முன்னைய வெற்றியைத் திரும்பச் செய்யவில்லை. 1981 இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்', கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றிய குறிப்புகளாகவே அமைந்தது. அதுவரை தமிழ் நாவலில் பழக்கமில்லாத வடிவம் அது.

பிரான்ஸ் நாட்டுக் கவிஞர் போல் வலேரியின் கதை இன்னும் சுவையானது. இளமையில் கவிதை எழுதிப் பாராட்டுப் பெற்றவர், 1892 இல் ஏற்பட்ட மனநெருக்கடிக்குப் பின் கவிதையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒதுக்கி வைத்தார். 1912 அளவில் அவருடைய நண்பர் ஆந்ரே ஜீத், பழைய கவிதைகளைத் தொகுத்துத் தரும்படி வற்புறுத்தினார். வலேரி விருப்பமில்லாமல் பழைய தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். கவிதைக்கு விடை சொல்வதுபோலச் சில பத்து வரிகளைச் சேர்த்து முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அந்தச் சில பத்து வரிகள் நான்கு ஆண்டுகளில் ஐந்நூறு வரிகளைத் தாண்டிய நெடுங்கவிதையாக வளர்ந்தன. 1917 இல் அது நூலானபோது வலேரி பிரான்சின் முதன்மைக் கவிஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். விடைபெற எழுதியது வரவாக முடிந்தது.

இங்கே இன்னொரு உண்மையும் தெரிகிறது. வலேரியிடம் ஒருவர் சென்று கேட்டார். கேட்டிராவிட்டால் அவர் அந்தப் பழைய தாள்களை எடுத்தே இருக்கமாட்டார்.

ந. பிச்சமூர்த்தியும் அப்படியே. 'மணிக்கொடி' காலத்தில் புதுக்கவிதைக்கு வழி திறந்தவர், பின்னர் நீண்ட காலம் கவிதையை விட்டிருந்தார். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' ஏட்டைத் தொடங்கிய பின்பே அவர் மீண்டும் கவிதைக்கு வந்தார். 1962 இல் 'காட்டுவாத்து' தொகுதி வெளிவந்தது. செல்லப்பா வாசலைத் திறந்து வைத்திருந்தார். பிச்சமூர்த்தி உள்ளே வந்தார்.

புகழ் மட்டும் ஒருவரைத் திருப்பி அழைத்துவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்க நாவலாசிரியர் ஹென்றி றோத் 1934 இல் ஒரு நாவலை வெளியிட்டார். பின் எழுத்து நின்றுபோயிற்று. மேய்ன் மாநிலத்தில் வாத்து வளர்த்துப் பிழைத்தார். 1964 இல் அந்தப் பழைய நாவல் மலிவுப் பதிப்பாக வந்து பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அப்போதும் அவருக்கு எழுத்து வரவில்லை. மேலும் பதினைந்து ஆண்டு கழித்தே எழுதத் தொடங்கினார். இரண்டாவது நாவலின் முதற் பாகம் 1994 இல் வெளியானபோது அவருக்கு ஏறத்தாழ எண்பத்தெட்டு வயது. இடைவெளி அறுபது ஆண்டுகள்!

நேயர்களே, தொடக்கத்தில் சொன்ன பழமொழிக்கு மீண்டும் வருகிறேன்.

1996 இல் நாங்கள் தென்மராட்சியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது ஆறு மாதம் அள்ளாத கிணற்றைக் கண்டோம். இலையும் சருகும் விழுந்து, தண்ணீர் நிறம் மாறி, நாற்றம் எடுத்திருந்தது. ஐயா அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் வாயில் வைக்கவிடவில்லை. அயலவர்கள் சேர்ந்து வாளி வாளியாக இறைத்து ஊற்றினார்கள். அடி தெரியும்வரை இறைத்தார்கள். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தபோது, சுண்ணாம்புக் கல்லின் ஊற்றுக்கண் வழியே வந்த தெளிந்த நீர் நின்றது. இறையாத கிணறு நாறும் என்பது உண்மைதான். ஆனால் நாறிய கிணறு செத்த கிணறு அல்ல. முதலில் வரும் தண்ணீரை வெளியே ஊற்றிவிட ஒருவருக்கு மனம் வேண்டும். கூட நின்று வாளி பிடிக்க நாலு பேரும் வேண்டும்.

அந்த இடப்பெயர்வில் நான் விட்டுச் சென்ற பொருள்களில் ஒரு கொப்பியும் இருந்தது. ஆறேழு கதைகள் எழுதி வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது அது இல்லை. அதற்குப் பின் படிப்பு, பட்டம், ஆசிரியத் தொழில், விடைத்தாள் என்று காலம் போயிற்று. சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன், "சேர், நீங்கள் கதை எழுதுவீங்களோ?" என்று கேட்டான். "முந்தி எழுதினனான்" என்றேன். "பிறகு ஏன் விட்டனீங்கள்?" என்றான். கொப்பி தொலைந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மையில்லை என்று அப்போதே பட்டது. கொப்பி தொலைந்தது ஒரு நாளில். எழுதாமல் விட்டது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல்.

அன்று இரவு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதிய இரண்டு கதைகளும் தொலைந்த கொப்பியின் கதைகளை நினைவிலிருந்து எடுக்கும் முயற்சியாகவே அமைந்தன. வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது கதை மேசையில் இருக்கிறது. அது நல்ல கதையா என்று இப்போது சொல்லமாட்டேன். பதினான்கு வயதில் அதை நான் எழுதியிருக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

குடாநாட்டின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இரண்டொரு கதை எழுதிவிட்டு நின்றுபோன ஒருவராவது இருப்பார். இளைப்பாறிய ஆசிரியராக இருக்கலாம், தபாலதிபராக இருக்கலாம், மூன்று பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் தாயாக இருக்கலாம். சிலர் பயத்தால் நிறுத்தினார்கள். சிலர் இழப்பால் நிறுத்தினார்கள். அச்சிடத் தாளே கிடைக்காத காலத்தில் நிறுத்தியவர்களும் உண்டு. 'மல்லிகை' நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தெருத்தெருவாக நடந்து வாசகரைத் தேடியது. அதன் ஆசிரியர் ஜீவா 2021 இல் மறைந்தார். 2007 இல் அல்வாயிலிருந்து 'ஜீவநதி' புறப்பட்டது. வாசல்கள் அடியோடு அடைபடவில்லை.

2001 இல் ரொறன்ரோவில் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் தொடங்கப்பட்டது. நிறுவியவர்களில் ஒருவர் முத்துலிங்கம். அதன் முதலாவது இயல் விருதைப் பெற்றவர் சுந்தர ராமசாமி. எழுத்தை விட்டுப் போய்த் திரும்பிய ஒருவர் உட்பட்ட அமைப்பு, விட்டுப் போய்த் திரும்பிய இன்னொருவரையே முதலில் மதித்தது.

எனவே உங்கள் அயலில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு மாலையில் படலையைத் திறந்து போய், "இப்ப ஏதும் எழுதுறியளோ?" என்று கேளுங்கள். முதல் வாளித் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். அதற்காக வாளியை வைத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.