ஒரு ராஜாவும் ஐந்து செக்கும்

வங்கியில் எனக்கு முன்னால் நின்றவர் நீட்டிய தாளைப் புரட்டிப் பார்த்த ஊழியர், “சார், செக்கைச் செக் பண்ணாமலே கொடுத்துட்டீங்களே, தேதி போடலை பாருங்க” என்றார். நின்றவர் அணிந்திருந்ததோ செக்டு சட்டை. ஒரே கவுண்டரில் மூன்று செக். அன்றைய நாளிதழில் ஒரு கட்சி இன்னொரு கட்சிக்கு ‘செக்’ வைத்திருந்தது. ஊர் ஓடையின் குறுக்கே கட்டியிருப்பது செக்டேம். பணம் தரும் தாளுக்கும் சட்டைத் துணிக்கும் அரசியலுக்கும் தடுப்பணைக்கும் என்ன சொந்தம்?

சொந்தம் உண்டு. ஐந்தும் ஒரு ராஜாவின் வாரிசுகள்.

பாரசீக மொழியில் ‘ஷா’ என்றால் அரசன். ஆளுதல் என்ற பொருளுடைய பழைய வேரில் பிறந்த சொல் அது. சமஸ்கிருதத்தின் ‘க்ஷத்திர’ அதற்கு உடன்பிறப்பு; க்ஷத்திரியர் என்பதும் அங்கிருந்து வந்ததே. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் போய்ச் சேர்ந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் சதுரங்கம். அந்தப் பெயர் பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆகி, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆகி, ஸ்பானிய மொழியில் ‘அஹெத்ரேஸ்’ என்று உருமாறி இன்றும் பிழைத்திருக்கிறது.

மற்ற ஐரோப்பியர்களில் பலர் படையை விட்டுவிட்டு ராஜாவைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரியின் அரசனுக்கு ஆபத்து வந்தால் ‘ஷா!’ என்று குரல் கொடுப்பது பாரசீக ஆட்டக்காரர்களின் வழக்கம். அந்தக் குரல் அரபி, லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றாகி, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் ‘செக்’ என நின்றது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் ‘செஸ்’. ஆட்டத்தின் பெயரும் ஆட்டத்தில் எழும் எச்சரிக்கையும் ஒருமை பன்மை உறவுதான்! ‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. ‘அரசன் மாண்டான்’ என்று சிலர் பொருள் சொல்வார்கள். ‘அரசன் செய்வதறியாது நின்றான்’ என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே. போக வழியில்லாமல் நிற்கவைப்பதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது.

செக் விழுந்ததும் என்ன நடக்கிறது? மற்ற திட்டமெல்லாம் அப்படியே நிற்கிறது. முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். இந்த ‘நிற்பது’தான் சொல்லின் அடுத்த பொருளுக்கு விதை. நிறுத்து, தடு, கட்டுப்படுத்து என்று அது வளர்ந்தது. ஓடும் நீரை மறிக்கும் செக்டேமில் இருப்பது இந்தப் பொருள். செக்போஸ்ட்டுக்கு வந்தால் அங்கே இரண்டு பொருள் கைகோத்து நிற்கின்றன. வண்டியை நிறுத்தினால்தானே டிக்கியைத் திறந்து பார்க்க முடியும்? நிறுத்துவதிலிருந்து சரிபார்ப்பதற்கு இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் நகர்ந்த கதையும் ஏறக்குறைய அதுதான்.

கட்டம் எப்படி வந்தது? நம் பழைய சதுரங்கப் பலகையில் கோடுகள் மட்டுமே உண்டு. ஒன்றுவிட்டு ஒன்று நிறம் தீட்டியது ஐரோப்பா. அந்தத் தோற்றம் கண்ணில் பதிந்ததும் கட்டம் போட்ட எதுவும் ‘செக்’ ஆயிற்று. நம் கரையில் நெய்த கட்டத்துணி கடல் கடந்து போய் ‘மெட்ராஸ் செக்’ என்று பெயர் வாங்கியது. துவைக்கத் துவைக்கச் சாயம் போவதையே தனிச் சிறப்பென்று சொல்லி அதை அமெரிக்காவில் விற்ற காலமும் உண்டு.

கட்டம் பணத்தைத் தொட்ட இடம் இங்கிலாந்தின் அரசுக் கருவூலம். 12ஆம் நூற்றாண்டில் அங்கே வரிக்கணக்கு பார்த்த மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம். காய்கள் உருண்டு விழாதிருக்க நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ஒரு பத்தி பென்சுக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அதற்கடுத்தது பவுண்டுக்கு. ரோமானிய எண்களை வைத்துக்கொண்டு தாளில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு என்பதால் காய்களை நகர்த்தியே கணக்குப் போட்டார்கள். பொருளாளர் ஒருபுறம், வரி வசூலித்து வந்த ஷெரீஃப் எதிர்ப்புறம். மன்னர் இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதி, சதுரங்கத்தில் மன்னர்கள் மோதுவதுபோல இங்கே இவ்விருவரும் மோதுகிறார்கள் என்று ஒப்பிட்டிருக்கிறார். சதுரங்கப் பலகையை நினைவூட்டிய அந்த மேசையின் பெயரால்தான் கருவூலம் ‘எக்ஸ்செக்கர்’ ஆயிற்று. பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அந்தத் துணி இன்றும் விரிந்து கிடக்கிறது.

வங்கிச் செக் இவற்றில் கடைக்குட்டி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சொல் குறித்தது தாளை அல்ல, கிழித்துக் கொடுத்தபின் கையில் மிஞ்சும் அடிக்கட்டையை. தாள் திரும்பி வரும்போது போலியா அசலா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவியது. பிறகு பெயர் தாளுக்குத் தாவியது. ஆங்கிலேயர் எக்ஸ்செக்கரின் சாயலில் அதன் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர் பழையபடியே எழுதுகிறார்கள், ஓட்டல் பில்லையும் ‘செக்’ என்றே கேட்கிறார்கள்.

தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு: தடு, சரிபார், கட்டம், காசோலை. என்றாலும் பேச்சில் ‘செக்’கை விடவில்லை. ஆனால் குழப்பமும் இல்லை. நம் வினைகள் காவல் நிற்கின்றன. செக் வைத்தால் எதிராளிக்கு இடைஞ்சல், செக் பண்ணினால் சோதனை, செக் கொடுத்தால் பணம். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்ததை, பின்னால் ஒரு வினையைச் சேர்த்து நாம் பிரித்துவிடுகிறோம்.

கவுண்டரில் நின்றவர் தேதியை எழுதிக் கொடுத்தார். ஊழியர் தாளிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார், திரையிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார், மறுபடி தாளுக்கு வந்தார். அன்று அடிக்கட்டை செய்த வேலையை இன்று திரை செய்கிறது. ‘செக்கைச் செக் பண்ணுவது’ கூறியது கூறல் என்ற குற்றத்தில் சேராது. சரிபார்க்கவென்றே பிறந்ததால்தான் அந்தத் தாளுக்கு அந்தப் பெயர்.