கேஸ்கட் மாற்றியும் தீராத கோளாறு

ரோவர் நிறுவனத்தின் கே-சீரிஸ் எஞ்சின் 1989-இல் ரோவர் 200 காரில் சாலைக்கு வந்தது. பர்மிங்ஹாமின் லாங்பிரிட்ஜ் ஆலையில் தயாரானது. ஹெட், பிளாக், அடிப்பகுதி எல்லாமே அலுமினியம். இந்த அடுக்குகளைத் தனித்தனியாக முடுக்காமல், மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் பத்து நீண்ட போல்ட்டுகளால் ஒரே பிடியாக இறுக்கினார்கள். அதனால் எஞ்சினின் எடை நன்றாகவே குறைந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டின் ஆயுளோ அந்தப் பத்து போல்ட்டுகளின் இறுக்கத்தை நம்பி நின்றது.

1.1, 1.4 லிட்டர் அளவுகளில் தொடங்கிய எஞ்சின், 1995-இல் எம்ஜி எஃப் காருக்காக 1.8 லிட்டராகப் பெருத்தது. சிலிண்டரின் விட்டம் 75 மி.மீட்டரிலிருந்து 80 ஆனது. சிலிண்டர்களுக்கு இடையிலான தூரம் மட்டும் மாறவில்லை. அதற்கேற்ப சிலிண்டரின் உள்ளுறைகளான லைனர்களின் அமைப்பை மாற்றி, பிளாக்கின் பாதி உயரத்திலுள்ள விளிம்பில் உட்கார வைத்தார்கள். லைனரின் மேல்விளிம்பு பிளாக்கைவிட மயிரிழை துருத்தி நின்றால்தான் கேஸ்கட் சரியாக நசுங்கும். லைனர் கொஞ்சம் இறங்கினாலும் அந்த இடத்தில் பிடி தளரும்.

குளிர்விக்கும் அமைப்பும் கைகொடுக்கவில்லை. தெர்மோஸ்டாட், எஞ்சினுக்குள் தண்ணீர் நுழையும் பக்கத்தில் இருந்தது. அது திறந்ததும் ரேடியேட்டரின் குளிர்ந்த நீர் சூடான பிளாக்கில் பாய்ந்தது. ஹெட்டையும் பிளாக்கையும் நேர்நிறுத்தும் பிளாஸ்டிக் டவல்கள் வெப்ப மாற்றத்தால் வரும் விரிதலிலும் சுருங்கலிலும் அசைவுக்கு இடம் கொடுத்தன. எஞ்சினில் ஓடும் கூலன்ட்டின் அளவே குறைவு என்பதால், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் சிறு கசிவு இருந்தாலே ஹெட் சூடேறி, ஹெட் கேஸ்கட் பழுதாகிவிடும். ஆயில் மூடியைத் திறந்தால், ஆயிலில் கூலன்ட் கலந்து பால் கலந்த காபி போன்ற பசை தென்படும்போது காலம் கடந்திருக்கும்.

பல பட்டறைகள் கேஸ்கட்டை மட்டும் மாற்றி, ஹெட்டைப் பூட்டி அனுப்பின. கோளாறு மீண்டும் வந்ததற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். லைனர் உயரத்தை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஹெட்டின் சமதளத்தைப் பார்ப்பதோடு அலுமினியத்தின் கடினத்தையும் சோதிக்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடான ஹெட் மென்மையாகி, கேஸ்கட் வளையம் அதில் பள்ளம் பதித்துவிடும். முதலில் கசிந்த இடத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் இவையும் வீண்.

பின்னாளில் எஃகு டவல்கள், பல அடுக்கு எஃகு கேஸ்கட், வலுவூட்டிய அடிச்சட்டம் ஆகியவை வந்தன. தெர்மோஸ்டாட்டும் சில மாடல்களில் மாறியது. ஆனால் ரோவரின் வழிவந்த எம்ஜி ரோவர் நிறுவனமே 2005 ஏப்ரலில் நொடித்துப்போனது. கே-சீரிஸ் வடிவமைப்பிலிருந்து பிறந்த எஞ்சின்கள் பிறகு சீனாவில் தயாராயின.