கதிராகச் சேமித்தலும் மணியாக உதிர்த்தலும்: அமெரிக்க நடுமேற்குச் சிறுபண்ணைகளில் மக்காச்சோளம் (1840–1960)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதியில் பன்றி, மாடு, கோழி ஆகியவற்றை வளர்த்த சிறுபண்ணைகள், நூறாண்டுக்கும் மேலாக மக்காச்சோளத்தைக் கதிராகவே சேமித்தன. கதிர்கள் உலர்ந்த பின்னர்த் தேவைக்கேற்ப மணிகளை உதிர்த்தன. இம்முறை எவ்வாறு இயங்கியது, பண்ணையின் பொருளியலில் எத்தகைய இடம் பெற்றிருந்தது, 1950களுக்குப் பின் ஏன் மறைந்தது ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. விளைச்சலை விற்பதா, தீவனமாக்குவதா, காத்திருப்பதா என முடிவு செய்வதற்குரிய கால அவகாசத்தைக் கதிர்ச் சேமிப்பு பண்ணையாளருக்கு அளித்தது. மணி உதிர்க்கும் பணி வயலுக்கு இடம்பெயர்ந்தபோது அந்த அவகாசம் சுருங்கியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மக்காச்சோளம், கதிர்ப் பட்டறை, மணி உதிர்ப்பி, கால்நடைப் பண்ணை, ஈரப்பதம், அயோவா

முன்னுரை

மக்காச்சோளம் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் பயிராக்கப்பட்டது. வட அமெரிக்கத் தொல்குடியினர் அதனைக் கதிராகவே உலர்த்திச் சேமித்தனர். ஹோடெனோசோனி மக்கள் கதிரின் தோகைகளைப் பின்னி வீட்டினுள் தொங்கவிட்டனர். தென்கிழக்குப் பகுதி மக்கள் கால்கள் மீது உயர்த்திய களஞ்சியங்களில் வைத்தனர். பயிரையும் அதனைப் பேணும் அறிவையும் ஐரோப்பியக் குடியேறிகள் இவர்களிடமிருந்தே பெற்றனர். 19ஆம் நூற்றாண்டில் ஒகையோ, இந்தியானா, இல்லினாய், அயோவா மாநிலங்களில் இப்பயிர் பரவியபோது, இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த மரக்கூடு ஒவ்வொரு பண்ணையிலும் எழுந்தது.

இக்கூட்டினைக் குறிக்க இக்கட்டுரை ‘கதிர்ப் பட்டறை’ என்னும் சொல்லைக் கையாள்கிறது. தமிழகத்தில் சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமிக்கும் அமைப்பு பட்டறை எனப்படுகிறது. குதிர் காற்றையும் ஈரத்தையும் தடுத்து உலர்ந்த தானியத்தைக் காப்பது. பட்டறை காற்றை உள்ளே விட்டு ஈரமுள்ள விளைபொருளைக் காப்பது. இவ்வேறுபாடே இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாகும்.

1. கதிராகச் சேமித்ததன் காரணம்

இலையுதிர் காலத்தில் அறுவடையாகும் மக்காச்சோள மணியில் ஈரம் மிகுந்திருக்கும். உதிர்த்த மணியை நெடுநாள் வைத்திருக்க அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 13 அல்லது 14 விழுக்காட்டுக்குக் குறைய வேண்டும். இல்லையெனில் குவியல் சூடேறிப் பூஞ்சணம் பற்றும். கதிராக இருப்பின், ஈரப்பதம் 20 விழுக்காடு அளவில் இருக்கும்போதே பட்டறையில் இடலாம். கதிர்களுக்கு இடையேயுள்ள வெற்றிடம் வழியே காற்று ஊடுருவ, குளிர்காலத்திலும் இளவேனிலிலும் மணி மெல்ல உலரும். எரிபொருள் தேவையில்லை, காற்றும் காலமும் போதுமானவை.

இதற்கு ஈடாக இடம் மிகுதியாகத் தேவைப்பட்டது. ஒரு புஷல் உதிர்த்த மணியின் எடை 56 பவுண்டு. அம்மணியைத் தரும் கதிர்களின் எடை 70 பவுண்டு. எஞ்சிய 14 பவுண்டு, மணிகள் ஒட்டியிருக்கும் நடுத்தண்டாகிய சக்கை. உதிர்த்த மணி ஒரு புஷலுக்கு 1.25 கன அடி இடம் கொள்ளும். கதிராக வைப்பின் 2.5 கன அடி வேண்டும். அதாவது, பண்ணையாளர் உலர்த்தும் செலவைத் தவிர்க்க இருமடங்கு இடத்தை ஒதுக்கினார்.

2. பட்டறையின் அமைப்பு

பட்டறையின் அகலத்தை வட்டாரத்தின் ஈரமே முடிவு செய்தது. ஈரம் மிக்க கிழக்குப் பகுதிகளில் அது நான்கைந்து அடியைத் தாண்டுவது அரிது. வறண்ட மேற்கில் மேலும் அகலமாக அமைக்க இயன்றது. நீளம் எவ்வளவு வேண்டுமாயினும் இருக்கலாம். அகலம் மிகுந்தால் நடுவிலுள்ள கதிர் அழுகும். மழைநீர் உட்புகாதவாறு சுவர்கள் மேல்நோக்கி வெளிப்புறம் சாய்ந்திருப்பதும், தரை ஈரத்தையும் எலிகளையும் தவிர்க்கக் கற்களின் மீது தளம் உயர்த்தப்படுவதும் பரவலான வழக்கங்கள். பிற்காலத்தில் இரு பட்டறைகளுக்கு நடுவே வண்டி செல்லும் பாதையும், மேலே ஓட்ஸ் தானிய அறையும் கொண்ட பெரிய கட்டடங்கள் தோன்றின.

நிரப்பும் முறையிலும் கவனம் தேவைப்பட்டது. தோகையும் பட்டிழையும் உதிரி மணிகளும் கதிர்களோடு கலந்து ஓரிடத்தில் குவிந்தால் காற்றின் வழி அடைபடும். கெடுதல் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும். எனவே தோகையை முற்றிலும் நீக்குவது கதிரின் தூய்மையை மட்டுமன்றிச் சேமிப்பின் பாதுகாப்பையும் சார்ந்ததாயிற்று.

3. தோகை உரித்தலும் மணி உதிர்த்தலும்

அறுவடை ஏறத்தாழ அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலம் வரை நீண்டது. உரிப்பவர் கையில் கட்டிய இரும்புக் கொக்கியால் தோகையைக் கிழித்துக் கதிரை ஒடித்து, உயரமான பக்கப் பலகை பொருத்திய வண்டியில் எறிவார். தேர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 100 புஷல் அளவுக்கு உரித்தார். இத்திறனைப் போட்டியாக வளர்த்தவர், பின்னாளில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரான ஹென்றி ஏ. வாலஸ். 1924இல் தொடங்கிய பல மாநிலப் போட்டிகள் 1941 வரை நடைபெற்றன.

மணி உதிர்த்தல் தொடக்கத்தில் மண்வெட்டியின் விளிம்பிலோ இரும்புப் பட்டையிலோ கதிரைத் தேய்த்துச் செய்யப்பட்டது. 1839இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த லெஸ்டர் டெனிசன் கையால் இயக்கும் உதிர்ப்பிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பரவிய கைப்பொறிகளில், பற்கள் உள்ள இரும்புச் சக்கரத்துக்கும் வில்விசை அழுத்தும் தகட்டுக்கும் இடையே கதிர் சுழல, மணி கீழே விழும்; சக்கை வேறு வழியாக வெளியேறும். கோழிக்கும் வீட்டுக்கும் வேண்டிய சிறிதளவை இப்பொறி நாள்தோறும் தந்தது.

விற்பனைக்குரிய பேரளவு உதிர்ப்பு ஆண்டுக்கு ஓரிரு முறையே நிகழ்ந்தது. குதிரை, நீராவி, பின்னர் டிராக்டர் ஆகியவற்றால் இயங்கிய பெரிய பொறியை அதன் உரிமையாளர் பண்ணைதோறும் கொண்டுசென்றார். அண்டைப் பண்ணையார் ஒருவர்க்கொருவர் கைம்மாறாக உழைத்தனர். பட்டறை காலியாகும் தறுவாயில் அடியிலிருந்து எலிகள் வெளிப்படும் என்பதால் ஆண்கள் காற்சட்டையின் கீழ்முனையைக் கட்டிக்கொண்டனர். விதைக்குரிய கதிர்கள் மட்டும் முன்னரே தெரிந்தெடுக்கப்பட்டு, நுனியிலும் அடியிலும் உள்ள மணிகள் நீக்கப்பட்டுக் கையால் உதிர்க்கப்பட்டன. மணிகள் ஒரே அளவாக இருந்தால்தான் விதைக்கும் பொறி சீராக இயங்கும்.

4. கால்நடையும் சக்கையும்

சிறுபண்ணையில் விளைச்சலின் பெரும்பகுதி உதிர்க்கப்படவே இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது. பன்றிகளுக்குக் கதிர் முழுதாக எறியப்பட்டது. அவை தாமே மணியைக் கடித்து உதிர்த்துக்கொண்டன. மாடுகளுக்குக் கதிர் சக்கையோடு சேர்த்து அரைக்கப்பட்டது. அசைபோடும் விலங்கு சக்கையின் நார்ப்பொருளையும் செரிக்க வல்லது. மாடு சிந்தியதையும் அதன் சாணத்தில் எஞ்சிய மணியையும் பன்றிகள் பின்தொடர்ந்து தின்றன. உதிர்த்த சக்கை சமையல் அடுப்புக்கு விறகாகவும் தொழுவத்தில் படுக்கையாகவும் பயன்பட்டது. மிசௌரியின் வாஷிங்டன் நகரில் 1869 முதல் சக்கையில் புகைக்குழாய் செய்யும் தொழிலும் நிலைபெற்றது.

ஆகவே பட்டறை ஒரே வேளையில் தீவனக் கிடங்காகவும் விறகுக் குவியலாகவும் விற்பனைக் கையிருப்பாகவும் விளங்கியது. 100 பவுண்டு எடையுள்ள உயிர்ப்பன்றியின் விலைக்கு எத்தனை புஷல் மக்காச்சோளம் கிடைக்கும் என்னும் விகிதத்தைப் பண்ணையாளர் கணக்கிட்டனர். விகிதம் உயர்ந்தால் பன்றிக்கு இட்டனர். தாழ்ந்தால் உதிர்த்து விற்றனர். கதிர் பட்டறையில் இருக்கும்வரை இத்தெரிவு திறந்தே இருந்தது.

5. முத்திரையிட்ட பட்டறை

பெருமந்தக் காலத்தில் இத்தெரிவின் பொருள் தெளிவாக வெளிப்பட்டது. 1932–33இல் விலை வீழ்ந்தபோது, நிலக்கரியைவிட மலிவாக இருந்த மக்காச்சோளத்தையே சில பண்ணைகள் எரித்தன. 1933 அக்டோபரில் நிறுவப்பட்ட பண்டக் கடன் கழகம், பண்ணையில் இருந்த மக்காச்சோளத்தின் பேரில் புஷலுக்கு 45 சென்ட் கடன் வழங்கியது. பட்டறையின் கொள்ளளவு அளக்கப்பட்டு, அதற்கு முத்திரை இடப்பட்டது. விலை ஏறினால் கடனை அடைத்துத் தானியத்தை மீட்கலாம்; ஏறாவிடில் தானியத்தை ஒப்படைத்துக் கடன் தீர்க்கலாம். 1934இன் வறட்சியில் விலை ஏற, காத்திருந்தோர் பயனடைந்தனர். மரச்சட்டங்களால் ஆன எளிய கூடு, கடனுக்குரிய பிணையாக ஏற்கப்பட்டதற்கு அதில் கதிர் கெடாது நிற்கும் என்னும் நம்பிக்கையே அடிப்படை.

6. உதிர்ப்பு வயலுக்குச் செல்லுதல்

1930களில் கலப்பின விதை பரவியது. அதன் உறுதியான தண்டு பொறி அறுவடைக்கு ஏற்றதாக இருந்தது. முதலில் வந்த பறிக்கும் பொறி கதிரையே தந்ததால் பட்டறை நிலைத்தது. 1950களின் நடுவில் கூட்டு அறுவடைப் பொறியில் மக்காச்சோள முகப்பு பொருத்தப்பட்டபோது, மணி வயலிலேயே உதிர்ந்தது. சக்கை நிலத்தில் கிடந்தது. ஈரமான மணியைக் காற்று மட்டும் உலர்த்தாது. எரிவாயு உலர்த்தியும் உலோகக் கொள்கலனும் தேவையாயின. அவற்றை வாங்க இயலாதவர் அறுவடை நாளிலேயே வணிகக் கிடங்குக்கு மணியை அனுப்பி, உலர்த்துங் கூலியும் எடைக்கழிவும் ஏற்க நேர்ந்தது. அப்பருவம் பொதுவாக விலை தாழ்ந்திருக்கும் பருவமுமாகும்.

சிறுபண்ணைகள் குறைந்தமைக்கு இதனை ஒரே காரணமாகக் கொள்ள இயலாது. 1930க்கு முன் ஏக்கருக்கு 25 புஷல் அளவில் இருந்த நாட்டுச் சராசரி விளைச்சல் 1960இல் 50ஐத் தாண்டியது. பழைய பட்டறைகள் அவ்விளைச்சலைக் கொள்ளவில்லை. வேலையாள் பற்றாக்குறையும், கால்நடையையும் பயிரையும் பிரித்து நடத்தும் போக்கும் உடன் நிகழ்ந்தன. பறிக்கும் பொறியில் சிக்கிய தண்டை நீக்க முயன்று கையிழந்தோர் பலர் என்பதால் பழைய முறையை இடரற்றதாகக் கருதுதலும் பொருந்தாது.

முடிவுரை

கதிரைச் சக்கையோடு வைத்திருத்தல் பின்தங்கிய பழக்கமன்று. எரிபொருளுக்கு மாற்றாகக் காலத்தையும் இடத்தையும் பயன்படுத்திய தொழில்நுட்பமாகும். தெளிந்த கணக்கும் வட்டார அறிவும் அதன் பின்னே இருந்தன. உதிர்க்கும் பணி பட்டறையிலிருந்து வயலுக்கு மாறியபோது, உழைப்புக் குறைந்தது. அதே வேளையில், எப்போது உதிர்ப்பது என்னும் உரிமை பண்ணையாளரிடமிருந்து பெரிதும் நீங்கியது. வேளாண் பொறிகளின் வரலாற்றை மிச்சமான உழைப்பைக் கொண்டு மட்டும் அளவிடாது, அவை எவருடைய காத்திருக்கும் ஆற்றலைக் கூட்டின, எவருடையதைக் குறைத்தன என்னும் நோக்கிலும் ஆராய வேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.