பின்னாடி பெட்டிக்கு ஒரு வரலாறு

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஹோம் தியேட்டர் செட் இருக்கிறது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிய சித்தப்பா, 2004ல் காசு சேர்த்து ஒரு அசெம்பிளி கடையில் சொல்லிச் செய்தது. முன்னால் ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட இரண்டு மரப்பெட்டி, பின்னால் உள்ளங்கை அளவில் இரண்டு குட்டிப் பெட்டி. குட்டிகள் இரண்டும் போன மாதம் கிழிந்துவிட்டன. "பின்னாடிதானல, எதையாவது வாங்கி மாட்டு" என்றார் சித்தப்பா. அவர் சொல்வது சரியா என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

பார்வையாளருக்குப் பின்னாலிருந்தும் சத்தம் வர வேண்டும் என்ற ஆசை பழையது. 1940ல் டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' படத்துக்கே அப்படி ஒரு ஏற்பாடு செய்து பார்த்தார்கள். 1953ல் சினிமாஸ்கோப் வந்தபோது பின் சத்தத்துக்கென்று தனி டிராக் இருந்தது. ஆனால் அதில் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். தேவையில்லாத நேரத்தில் பின் ஸ்பீக்கரை அணைத்து வைக்கத் தனியாக ஒரு சிக்னல் வைத்தார்கள் என்றால் பாருங்களேன்!

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்லர் ஒரு சிக்கன வழி சொன்னார். பின் ஸ்பீக்கரை இடது பிளஸ்ஸுக்கும் வலது பிளஸ்ஸுக்கும் நடுவே இணைத்துவிட்டால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அதில் கேட்கும். நடுவில் நிற்கும் குரல் மறைந்து எதிரொலியும் வயலினும் மிஞ்சும். சித்தப்பாவின் செட்டைத் திறந்து பார்த்தேன். அதே இணைப்பு! அந்தக் கடைக்காரர் ஹாஃப்லர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரா தெரியாது, கைவேலை மட்டும் அச்சு அசல்.

தியேட்டருக்கு டால்பி ஸ்டீரியோ கொண்டுவந்ததும் இந்த 'வித்தியாச' வித்தையின் வளர்ந்த வடிவம்தான். 1977ல் 'ஸ்டார் வார்ஸ்' அதைப் பிரபலமாக்கியது. 1982ல் வீட்டுக்கு டால்பி சரவுண்ட், 1987ல் புரோ லாஜிக். இவற்றில் பின்பக்கத்துக்கு ஒரே ஒரு சேனல். 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுவார்கள். கொஞ்சம் தாமதித்தும் அனுப்புவார்கள், வசனம் கசிந்தாலும் காது முன்பக்கமே இருக்கட்டும் என்று. வெட்டிய சத்தத்துக்குப் பெரிய பெட்டி எதற்கு? குட்டிப் பெட்டி வழக்கம் இங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்துக்குச் சித்தப்பா சொன்னது சரி.

தமிழில் 1986ல் 'மாவீரன்' 70 எம்.எம்மில் ஆறு டிராக் ஒலியோடு வந்தது. 1995ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில். அடுத்த வருடமே 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்ஸில். டி.டி.எஸ்ஸில் ஃபிலிமில் நேரக்குறி மட்டும் இருக்கும், சத்தம் தனியே சி.டி.யில் ஓடும்.

1992ல் வந்த டால்பி டிஜிட்டலிலும் 1993ல் வந்த டி.டி.எஸ்ஸிலும் கணக்கு மாறிவிட்டது. பின்னால் இடது தனி, வலது தனி, உயர்ந்த ஒலிகளை வெட்டுவதும் இல்லை. டி.வி.டி.யும் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தது. எங்கள் செட்டிலோ பிளேயரிலிருந்து வந்தது இரண்டே வயர். ஆக, சித்தப்பா 'ஃபைவ் பாயிண்ட் ஒன்' என்று நம்பி வாங்கிய செட்டில் பின்பக்கத்துத் தனி டிராக் இருபது வருடமாக ஒருநாளும் தனியாக ஒலித்ததில்லை. இதை அவரிடம் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த மழை சத்தம்?" என்றார். அது நிஜம்தான் சித்தப்பா, பாதி நிஜம்.

அதனால் முன்பக்கம் போலவே ஆறு இஞ்ச் ஸ்பீக்கரும் ட்வீட்டரும் போட்ட பெட்டிகளாகப் பின்னாலும் வாங்கினோம். ஆறு உள்ளீடு உள்ள போர்டு மாற்றினோம். எங்கள் கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, பின்னால் இடமே இல்லை. நல்லவேளை, உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையே நேர் பின்னால் வைக்கச் சொல்லவில்லை. முன்பக்க நடுவிலிருந்து 100 முதல் 120 டிகிரி, அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில். காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆணி அடித்தாயிற்று.

குட்டிப் பெட்டிகளை மட்டும் சித்தப்பா எடைக்குப் போட விடவில்லை. பேப்பர் ஒட்டிச் சரிசெய்து, மாட்டுத்தொழுவத்தில் ரேடியோவுக்கு மாட்டியிருக்கிறார்.