சாம்பிள் சரி, லேபிள் தப்பு: ஒரு திருட்டு டேப்பின் வரலாறு



இன்று சுகர், பிரஷர் எதுவும் இல்லை. வரலாறு. கொஞ்சம் நீண்ட த்ரெட், பொறுமையா வாங்க.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்க ராக் ரசிகர்கள் ஒரு டேப்பை "லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி" என்று நம்பிக் கேட்டார்கள். தேடி அலைந்து, காசு கொடுத்து, நண்பர்களுக்குள் காப்பி எடுத்துப் பரப்பினார்கள்.

அந்தக் கச்சேரி லண்டனில் நடக்கவே இல்லை!

எப்படி இந்தக் குழப்பம்? யார் சரி செய்தது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு வார்த்தை. "பூட்லெக்". அமெரிக்காவில் பூட்ஸுக்குள் சாராய பாட்டிலை ஒளித்துக் கடத்தியதால் வந்த பெயர். பிறகு இசைக்கும் ஒட்டிக்கொண்டது.

இதை நம்ம ஊர் திருட்டு விசிடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். திருட்டு விசிடி என்பது வெளியான படத்தின் காப்பி. பூட்லெக் என்பது கம்பெனி வெளியிடவே வெளியிடாத பதிவு. கூட்டத்தில் ஒருவர் மைக்கை மறைத்து எடுத்துப்போய்ப் பதிந்த கச்சேரியாக இருக்கலாம். ஸ்டுடியோவிலிருந்து கசிந்த டேப்பாக இருக்கலாம். கடையில் கேட்டால் "அப்படி ஒன்று இல்லையே" என்பார்கள். ஆனால் இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு இருக்கும். அந்தப் பேச்சுதான் ரசிகனைத் தூங்கவிடாது.

1969 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் கடைகளில் வெறும் வெள்ளை அட்டையில் ஒரு இரட்டை இசைத்தட்டு வந்தது. கம்பெனி பெயர் கிடையாது. உள்ளே பாப் டிலன். 1961இல் மினியாபோலிஸில் பாடியது, 1967இல் நண்பர்களோடு ஒரு வீட்டின் அடித்தளத்தில் பதிந்தது எல்லாம் கலந்து கட்டி. ரசிகர்கள் வைத்த பெயர் "கிரேட் ஒயிட் வொண்டர்". ராக் உலகில் பெரிதாகப் பேசப்பட்ட முதல் பூட்லெக் இதுதான். அந்த 1967 பாடல்களில் ஒரு பகுதியைக் கம்பெனி முறைப்படி வெளியிட்டது 1975இல்!

ஏன் டிலனுக்கு இவ்வளவு தேடல்? (2016இல் இலக்கிய நோபல் வாங்கினாரே, அதே டிலன்தான்.)

1966 ஜூலையில் அவருக்கு மோட்டார் சைக்கிள் விபத்து. அதன்பின் 1974 வரை ஊர் ஊராகக் கச்சேரி செய்யும் சுற்றுப்பயணமே இல்லை. நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மேடை ஏறியதோடு சரி. அதாவது 1966இல் பத்து வயதாக இருந்த பையன், அவரை நேரில் கேட்கப் பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டும். தவறவிட்ட கச்சேரிக்கு அவன் போக இருந்த ஒரே வழி டேப்.

அதிலும் எல்லோரும் தேடியது 1966 சுற்றுப்பயணத்தை. காரணம், அங்கே நடந்த சண்டை.

டிலன் அதுவரை ஒற்றை கிட்டாரோடு நாட்டுப்புறப் பாணியில் பாடியவர். இங்கிலாந்தில் அந்தப் பாடல்கள் பலருக்கு இடதுசாரி அரசியலோடு பின்னிப் பிணைந்தவை. அவர் 1965இல் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்ததும், "வியாபாரத்துக்கு விலை போய்விட்டார்" என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். 1966 கச்சேரிகளில் முதல் பாதி தனியாகப் பாடுவார், அரங்கம் அமைதியாகக் கேட்கும். இரண்டாம் பாதியில் எலெக்ட்ரிக் இசைக்குழு மேடை ஏறும், கூச்சல் கிளம்பும்.

1966 மே 17. மான்செஸ்டர். ஃப்ரீ ட்ரேட் ஹால்.

இது சாதாரண இடம் இல்லை. 1819 ஆகஸ்ட் 16 அன்று, வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப்படையை ஏவிய பீட்டர்லூ படுகொலை நடந்த மைதானத்தில் எழுந்த கட்டடம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்து, 1951இல் மீண்டும் திறக்கப்பட்டது. எதிர்ப்புக் குரலுக்கு அந்த மண்ணில் பழைய சொந்தம் உண்டு.

அன்று இரவு, இரண்டாம் பாதியின் கடைசிப் பாட்டுக்கு முன், கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "ஜூடாஸ்!"

அதாவது யூதாஸ். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயர். ஒரு பாடகனைப் பார்த்து ரசிகன் சொல்லக்கூடியதில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. டிலன் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, குழுவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பாட ஆரம்பிக்கிறார். டேப்பில் எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

இதைப் பதிந்தது ஒளிந்து வந்த ரசிகன் இல்லைங்க. டிலனின் சொந்த கம்பெனியான கொலம்பியாவே நல்ல கருவிகளை வைத்துப் பதிந்தது. மான்செஸ்டரை மட்டுமல்ல, பத்து நாள் கழித்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்ததையும் பதிந்தது. ஆனால் வெளியிடவில்லை.

1970களின் தொடக்கத்தில் மான்செஸ்டர் டேப் கசிந்தது. மேலே இருந்த பெயர்: ராயல் ஆல்பர்ட் ஹால்.

இங்கேதான் மருத்துவனாக எனக்கு உறைக்கிறது. லேபில் ரத்த டியூப் வந்தால் உள்ளே இருப்பது உண்மையான ரத்தம். மெஷின் தரும் எண்ணும் உண்மை. மேலே ஒட்டிய பெயர் மட்டும் மாறினால் போதும், அத்தனை உண்மையும் தவறான ஆளுக்குப் போய்ச் சேரும். எண் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது!

அதேதான் இங்கேயும். டேப்பில் ஒரு சத்தமும் பொய் இல்லை. ஆனால் வரலாற்றில் மான்செஸ்டரின் கோபம் லண்டன் கணக்கில் எழுதப்பட்டது.

அன்று அரங்கில் இருந்த மான்செஸ்டர்காரர்கள் "அந்தக் குரல் எங்க ஊர்ல எழுந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சி.பி.லீ, அன்று பதின்ம வயதுப் பையன். பிறகு ஆய்வாளராகி, அந்த இரவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1998இல் புத்தகம் வந்தது. அதே ஆண்டு கொலம்பியாவும் டேப்பை முறைப்படி வெளியிட்டது.

அட்டையில் என்ன போட்டார்கள் தெரியுமா? "ராயல் ஆல்பர்ட் ஹால்" என்றே போட்டு, அதைச் சுற்றி மேற்கோள் குறி! தப்பான பெயர் அவ்வளவு பிரபலமாகிவிட்டது. நிஜமான ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி 2016இல்தான் வெளிவந்தது.

"அப்ப மனுஷ ஞாபகம்தான் பெருசு, டேப்பை நம்பக் கூடாது" என்ற முடிவுக்கு வந்துவிட்டீர்களா? இருங்க. அதே கட்டடத்தின் மாடிக்குப் போவோம்.

1976 ஜூன் 4. மாடியில் இருந்த சின்ன அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்தது. டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் சுமார் 40 பேர்தான் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அந்தச் சின்னக் கூட்டத்திலிருந்துதான் மான்செஸ்டரின் அடுத்த தலைமுறை இசையே கிளம்பியது. பின்னாளில் ஜாய் டிவிஷன் குழுவை உருவாக்கிய பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் அங்கே இருந்தார்கள். ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கிவிட்டார்.

பிறகு என்ன ஆனது? "நானும் அங்க இருந்தேன்" என்று சொல்பவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். அத்தனை பேரையும் உட்கார வைக்க அந்த அரங்கு பத்தாது! டேவிட் நோலன் என்பவர் இதை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பின் பொருள்: "சத்தியமா நான் அங்க இருந்தேன்".

இவர்கள் எல்லோரும் பொய்யர்களா? இல்லை. ஜூலை 20 அன்று அதே குழு அதே இடத்தில் மீண்டும் வாசித்தது. அப்போது கூட்டம் அதிகம். இரண்டாவதற்குப் போனவர் மனதில் அது முதலாவதாக மாறிவிட வருடங்கள் போதும்.

மூளை வீடியோ கேமரா கிடையாது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் ஞாபகத்தைப் புதிதாகக் கட்டுகிறது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ் செய்த ஆய்வு புகழ்பெற்றது. கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் "மோதிய போது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கிய போது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். "நொறுங்கிய" என்று கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். ஒரே ஒரு சொல் செய்த வேலை!

"ஜூடாஸ்" குரலுக்கும் இதே கதி. 1998க்குப் பிறகு "அது நான்தான்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். டேப்பில் கேட்பது ஒரு குரல். இருவருமே இப்போது உயிரோடு இல்லை.

ஆக, டேப் மட்டும் இருந்தபோது ஊர் மாறியது. ஞாபகம் மட்டும் இருந்தபோது கூட்டம் பெருகியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. ஓபியில் நாங்கள் செய்வதும் இதைத்தானே? நோயாளி சொல்வதையும் கேட்போம், டெஸ்ட் ரிசல்ட்டையும் பார்ப்போம். இரண்டும் முட்டிக்கொண்டால் இரண்டையும் மறுபடி கேட்போம்.

சரி, நியாயமான ஒரு கேள்வி. "டாக்டர், திருட்டை ஆதரிக்கிறீங்களா?"

இல்லை. பாடியவருக்குப் பத்து பைசா போகவில்லை. அரைகுறையாகப் பாடிப் பார்த்ததை ஊருக்குக் காட்டாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அமெரிக்கா 1972 பிப்ரவரி 15 முதல் ஒலிப்பதிவுகளுக்குத் தேசிய அளவில் காப்புரிமை தந்தது. 1994இல், அனுமதியின்றிக் கச்சேரியைப் பதிவதற்கு எதிராகவும் சட்டம் வந்தது. தவறில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பிபிசி ஒரு காலத்தில் ஒலிபரப்பிய டேப்புகள் பலவற்றை அழித்தது. 1969இல் லெட் செப்பெலின் அங்கே வாசித்த "சன்ஷைன் வுமன்" என்ற பாட்டின் மூலப்பதிவு அப்படித்தான் போனது. 2016இல் அந்தக் குழுவே பிபிசி பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? அன்று ரேடியோவிலிருந்து பதிந்து வைத்திருந்த ஒரு ரசிகரின் டேப்பிலிருந்து. ஒலி சுமார்தான். அது இல்லையென்றால் பாட்டே இல்லை.

நடுவழியும் உண்டு. கிரேட்ஃபுல் டெட் குழு 1984 முதல் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. பகிரலாம், விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று ராக் உலகில் மிக விரிவாகப் பாதுகாக்கப்பட்ட மேடைப் பதிவுகளில் அவர்களுடையது முன்னணியில் இருக்கிறது.

இனி உங்கள் வீட்டுப் பரணுக்கு வருவோம். தாத்தா பேசியது, அத்தை பாடிய தாலாட்டு, ஊர்த் திருவிழாக் கூத்து என்று ஏதாவது கேசட் கிடக்கிறதா?

1. கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் யாரும் மேலே பதிய முடியாது.

2. பூஞ்சை பிடித்திருந்தால் உடனே போட்டுக் கேட்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து டிஜிட்டல் காப்பி எடுங்கள். பழைய கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

3. லேபிள் எழுதுங்கள். யார் குரல், எந்த ஊர், எந்த வருஷம், யார் பதிந்தது. அன்று கூட இருந்த பெரியவர்கள் இருக்கும்போதே இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

4. வருஷம் உறுதியாகத் தெரியவில்லையா? "சுமார்" என்று போடுங்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதி வைத்தால், அதைத் திருத்த உங்கள் பேரப்பிள்ளைகள்தான் பாடுபட வேண்டும்.

ஃப்ரீ ட்ரேட் ஹால் இப்போது ஹோட்டலாகிவிட்டது. உங்கள் வீட்டில் என்ன கேசட் இருக்கிறது என்று கமெண்டில் சொல்லுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.