முதுகுத்தண்டு நீரில் தெரிந்த பட்டைகள்

1868இல் பாரிஸின் சால்பெட்ரியே மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சார்கோ, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைத் தனி நோயாக வரையறுத்தபோது, அதை உறுதிசெய்யப் பிரேதப் பரிசோதனையே வழி. 1891இல் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் குவிங்கே, முதுகெலும்புகளின் இடையே ஊசி செலுத்தி முதுகுத்தண்டு நீரை எடுக்கும் முறையை வெளியிட்டார். மண்டைக்குள் ஏறிய அழுத்தத்தைத் தணிப்பதே அவர் நோக்கம். நோயறிய அந்த நீர் பயன்பட்டது பிறகுதான்.

1912இல் கார்ல் லாங்கே, மூளையைத் தாக்கும் சிபிலிஸைக் கண்டறியக் கூழ்மத் தங்கச் சோதனையை உருவாக்கினார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் பலரின் நீரும் அதே விதமாகத் தங்கத்தின் நிறத்தை மாற்றியது. வேறுபட்ட இரு நோய்கள் ஒரே முடிவைக் காட்டியதற்குக் காரணம் அப்போது எவருக்கும் விளங்கவில்லை.

விளக்கம் நியூயார்க்கிலிருந்து வந்தது. ஸ்வீடனில் டிசேலியஸிடம் மின்புலத்தால் புரதங்களைப் பிரிக்கக் கற்ற எல்வின் கபாட், 1942இல் முதுகுத்தண்டு நீரை ஆராய்ந்தார். இரு நோய்களிலும், எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் கூடியிருந்தது. ரத்தத்தில் அது அதே விகிதத்தில் ஏறாதபோது, எதிர்ப்பொருள் நரம்பு மண்டலத்துக்குள்ளேயே உற்பத்தியாகிறது என்றுதான் கொள்ள வேண்டும். 1960ஐ ஒட்டி, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஆய்வாளர்கள் அகார் கூழில் நீரை ஓட்டிப் பார்த்தார்கள். காமா பகுதி சீராகப் பரவாமல் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தது. ஆலிகோகுளோனல் பட்டைகள் எனப்படுபவை இவையே. ரத்தத்திலிருந்து கசிந்ததையும் உள்ளே உண்டானதையும் பிரித்தறிய, லிங்க், டிப்லிங் இருவரும் 1977இல் ஆல்புமினை ஒப்பிடும் குறியீட்டைத் தந்தார்கள். ஆல்புமின் கல்லீரலில் மட்டுமே உருவாவதால் கசிவை அளக்க அது பொருத்தமானது.

வட ஐரோப்பிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பட்டைகள் தென்பட, ஜப்பானில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மரபணுவும் ஒரு காரணம்: டிஆர்பி1*15 வகை உடையோரிடம் பட்டைகள் அதிகம், ஜப்பானில் பரவலான டிஆர்பி1*04:05 உடையோரிடம் குறைவு. 2004இல் மேயோ கிளினிக்கும் சென்டாய் நகர ஆய்வாளர்களும் சேர்ந்து, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவுக்கே உரிய எதிர்ப்பொருளை அறிவித்தார்கள். ஜப்பானில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று எண்ணப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் இருந்தது இந்த வேறு நோய். அதில் பட்டைகள் அரிது. பட்டை இல்லாமையும் இப்படி ஒரு தடயமாயிற்று.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை உறுதிசெய்வதற்கான 1983இன் போசர் விதிகள் பட்டைகளுக்கு இடம் தந்தன. எம்ஆர்ஐ வளர்ந்தபின், 2010இன் மெக்டொனால்ட் விதிகளில், விட்டுவிட்டுத் தாக்கும் வகைக்கு அவை நீக்கப்பட்டன. 2017 திருத்தம் அவற்றை மீட்டது: இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திராமல், பட்டைகளையும் கொண்டு நோயை உறுதிசெய்ய அது வழிவிட்டது. 2024 திருத்தம், கண்ணால் எண்ணும் பட்டைகளுக்கு மாற்றாக, கருவி அளந்து சொல்லும், எதிர்ப்பொருளின் பகுதிகளான கப்பா இலகு சங்கிலிகளையும் ஏற்றது.