மெருகும் மறதியும்: பழைய கார்களின் வண்ணம் பற்றி

மெருகேற்றுதல் என்ற சொல் எம்மைச் சற்று ஏமாற்றுகிறது. எதையோ மேலே ஏற்றுவது போன்ற எண்ணத்தை அது தருகிறது. பழைய கார் ஒன்றின் மங்கிப்போன வண்ணத்தைப் பொறுத்தவரை நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே ஒரு படை கழற்றப்படுகிறது.

வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள், வண்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசினைக் காலப்போக்கில் சிதைக்கின்றன. பிடியிழந்த நிறத்துகள்கள் மேற்பரப்பில் சுண்ணாம்புத் தூள்போல நிற்கும். விரலால் தடவினால் விரலில் ஒட்டும். சிவப்பு இளஞ்சிவப்பாகும், கறுப்பு சாம்பலாகும். மென்மையான கொம்பவுண்டைத் துணியில் எடுத்துத் தேய்த்தால் செத்த படை போய், அதன் கீழிருக்கும் உயிருள்ள படை வெளியே வரும். 1980களுக்குப் பிந்திய கார்கள் பெரும்பாலானவற்றில் நிறத்தின் மேல் நிறமற்ற ஒரு பூச்சு உண்டு. அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலும் நிறமே வெளித்தோல். ஆகவே தேய்க்கும் துணியில் காரின் நிறமே ஏறும். பூச்சு முழுவதுமே ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவுதான். ஆர்வக் கோளாறில் மிஞ்சித் தேய்த்தால் முதலில் விளிம்புகளிலும் முகடுகளிலும் அடிப்பூச்சு பல்லைக் காட்டும். குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கும் களிம்போடு மிகச் சிறிதளவு உலோகமும் போகிறது.

அப்படியானால் எதைக் கழற்றுகிறோம், எதை விட்டுவைக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. கராஜில் எழும் கேள்விதான். ஆனால் எமது கார்களைப் பொறுத்தவரை அது வரலாற்றுக் கேள்வியுமாகும்.

ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். யாழ்ப்பாணத்தாருக்கு இவை வெறும் கார்ப் பெயர்களல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்து கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியா, ஏற்றுமதி செய்யும் அளவைப் பார்த்தே கார்க் கம்பனிகளுக்கு உருக்கைப் பங்கிட்டுக் கொடுத்தது. அந்த அவசரத்தில் பிறந்தவை இவை. பேர்மிங்ஹாமிலுள்ள லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து 1947இல் ஏ-40 டெவனும், 1952இல் சோமசெற்றும் வெளிவந்தன. இலங்கை சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டிலேயே, ஒக்ரோபரில், இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் அறிமுகமானது. அந்தக் கண்காட்சி மண்டபம் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள்.

மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் ஒரு அகதி என்பதை எம்மவரில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். சிமிர்னா நகரில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில், பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்தபோது குடும்பத்துடன் பிரித்தானியக் கப்பலில் மால்ராவுக்கு வெளியேற்றப்பட்டார். தகப்பன் அங்கேயே இறந்துபோக, தாயோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். இலண்டன் பட்டர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும்போது கணிதப் பரீட்சையில் மூன்று தடவை தவறினார். அவருடைய மைனர்தான் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார். 1960 டிசெம்பரில் எட்டிய அந்த எண்ணிக்கையைக் கொண்டாடச் சுமார் 350 கார்களுக்கு இளம் ஊதா நிறம் பூசினார்கள்.

இவை எமது மண்ணில் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அன்பு மட்டும் காரணமல்ல. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை இன்னும் இறுகியது. 1977க்குப் பின் கதவு திறந்து ஜப்பானியக் கார்கள் வரத் தொடங்கின. வடக்கை யுத்தம் பிடித்துக்கொண்டது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் நின்றது. அப்போது பழைய கார்களின் மூப்பே அவற்றின் பலமாயிற்று. ஏ-40 இயந்திரத்தின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 மட்டுமே. அதனால் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்ட முடிந்தது. அந்த மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான், விலையும் நெருப்புத்தான். வேறெங்கும் இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டி, புகை கக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஆட்களை ஏற்றியது.

அங்கே வண்ணம் அழகுக்கானதல்ல. உப்புக்காற்று வீசும் குடாநாட்டில் தகட்டைத் துரு தின்னாமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் வண்ணம் விசிறும் இயந்திரத்தை இயக்குவதெப்படி? தூரிகைதான் வழி. கிடைத்த நிறமே காரின் நிறம். இப்படிப் படைமேல் படையாகப் பூசப்பட்ட கார் ஒன்றின் கதவை வெட்டிப் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல எமது பொருளாதார வரலாறு தெரியும்.

இன்னொரு பூச்சும் உண்டு: தார். 1957 தொடக்கத்தில் புதிய வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'சிறீ' எழுத்து வந்தது. அதற்கு முந்திய கார்கள் ஆங்கில எழுத்துகளோடு தப்பிக்கொண்டன. தமிழரசுக் கட்சி இதை எதிர்த்தது. 1957 ஜூலையில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1958இல் சிங்கள 'சிறீ' தாங்கிய பஸ்கள் வடக்குக்கு வந்ததும், அவ்வெழுத்தின் மேல் தார் பூசித் தமிழ் 'சிறீ' எழுதப்பட்டது. தெற்கிலோ பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துகள் தாரில் மறைந்தன. ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் இனக்கலவரம். எமது அரசியலின் திருப்புமுனைகளில் ஒன்று, வாகனத்தின் இலக்கத் தகட்டில் தூரிகையால் எழுதப்பட்டது.

இப்போது இலண்டனுக்கு வருவோம். இங்கே நாற்பது வயது கடந்த கார் மதிப்புக்குரிய முதியவர். வீதி வரி இல்லை. 2023 ஓகஸ்டில் நகரம் முழுவதற்கும் விரிக்கப்பட்ட புகைக் கட்டணத்திலிருந்தும் விலக்கு. அண்மைக் காலமாக, மங்கியிருந்தாலும் தொழிற்சாலையில் பூசிய வண்ணத்தை அழிக்காமல் வைத்திருப்பதே மேல் என்று கருதுவோர் பெருகியிருக்கிறார்கள். எம்மவர் பலர் இரவு வேலை பார்த்த பெற்றோல் செற்களில் விற்கும் ரீ-கட் போத்தலை எடுத்தவுடன் ஊற்றாதே என்பது அவர்களின் முதற்பாடம். முதலில் கழுவு, மறைவான ஓரத்தில் சிறிது தேய்த்துப் பார், மிக மென்மையான பசையில் தொடங்கு, மினுக்கம் வந்த இடத்தில் நிறுத்து, பிறகு மெழுகு பூசிக் காப்பாற்று. அந்த மெழுகுகளில் பெயர்பெற்றது கார்னோபா. வடகிழக்கு பிறேசிலின் வறண்ட நிலத்தில், தன் ஈரத்தைக் காக்க ஓலையில் மெழுகு சுரக்கும் ஒரு மரத்திலிருந்து வருவது. அது எமது பனையின் உறவுமரம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில், இங்குள்ள மைனர் கார்களுக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்விக்கும் முயற்சியை, பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் தொடங்கினார். தீவின் ஒரு பக்கத்தில் பிரித்தானிய மைனருக்குப் புதுத் தகடு. மறுபக்கத்தில் அதே மைனருக்கு மண்ணெண்ணெய்.

ஒக்ஸ்போர்ட் கவுலியில் பிறந்த ஒரு மைனரை அது பிறந்த நாளுக்கே திருப்பி அனுப்புவது இங்குள்ளவர்களுக்கு நியாயமாகப் படலாம். யாழ்ப்பாணத்தில் ஓடிய காரை எந்த நாளுக்குத் திருப்புவது? தாருக்கு முன்னரா, பின்னரா? மண்ணெண்ணெய்ப் புகை படிந்த பின்பக்கத்தை என்ன செய்வது? புலம்பெயர்ந்த நாம் ஊரைப்பற்றிப் பேசும்போதும் எழுதும்போதும் பளபளப்பைத்தான் விரும்புகிறோம். கல்யாணக் கார் நினைவிலிருக்கிறது. அதை ஓட்டியவருக்கு என்ன கூலி கொடுத்தோம், எந்தச் சாதிக்காரரை ஏற்ற மறுத்தோம் என்பவை துணியோடு போய்விடுகின்றன.

நூதனசாலைகளில் வேலை செய்வோரிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய பூச்சில் ஐந்து சதக் குற்றியளவு இடத்தை மட்டும் தெரிந்தெடுத்து, வோட்டர் பேப்பரால் மெல்லச் சரிவாகத் தேய்ப்பார்கள். எல்லாப் படைகளும் ஒன்றையொன்று சுற்றிய வளையங்களாகத் தெரியும். அதைப் படமெடுத்துக் குறித்து வைத்த பிறகே மற்ற வேலை. ஊரில் இன்னும் ஒரு ஏ-40 மாமரத்தின் கீழ் நிற்குமானால், புதுப் பெயின்ற் அடிக்கக் காசு அனுப்பப் போகிறவர்கள் அந்தக் குற்றியளவு இடத்தை விட்டுவைக்கச் சொல்லி அனுப்ப வேண்டும்.